டீடாக்ஸ் முதல் பனிநீர்க் குளியல் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ, அலுவலக நண்பரின் சொந்த அனுபவம், யாரோ ஒரு பிரபலத்தின் பேட்டி. புதுப்புது நலவாழ்வு முறைகள் பெரும்பாலும் இப்படித்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. கீழே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள். நான் மருத்துவர் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான்.

மாற்று மருத்துவம் என்றாலே ஏமாற்று வேலை என்கிறீர்களா?

இல்லை. அப்படி ஒரேயடியாகச் சொல்பவர்களிடம் நான் சீன விஞ்ஞானி டு யூயூவின் கதையைச் சொல்வேன். 1969இல் மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்றில் சீன அரசு அவரைச் சேர்த்தது. பழைய மருத்துவ ஏடுகளைப் புரட்டி, வைத்தியர்களிடம் கேட்டு ஆயிரக்கணக்கில் குறிப்புகள் திரட்டியதில் சிங்ஹாவ் என்ற செடி கண்ணில் பட்டது. ஆனால் அதன் சாறு ஒரு தடவை வேலை செய்தது, மறு தடவை கைவிட்டது. நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் என்ற சீன வைத்தியர் எழுதிய குறிப்பை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு கைப்பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்ததே தவிர, கொதிக்கவை என்று அதில் இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு சாறு இறக்கினார். 1971இல் அந்தச் சாறு எலிகளின் உடலில் மலேரியாக் கிருமியை அடியோடு ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் சகாக்களும் தாங்களே அதைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து வந்த கதை இது. 2015இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஏட்டில் இருந்தது துப்பு. அதை மருந்தாக்கியது, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பொறுமையாகப் பிரித்துப் பார்த்த சோதனை. இன்றைக்கும் அதே செடியின் இலையைத் தேநீராகக் குடித்து மலேரியாவைத் தீர்க்கும் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் ஆதரிப்பதில்லை. இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும்; அரைகுறை அளவில் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும் அபாயமும் இருக்கிறது.

இயற்கையானது என்றால் பக்கவிளைவு இருக்காதுதானே?

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் சிகிச்சை ஒன்று நடந்தது. கொடுத்த மாத்திரைகளில் சீன மூலிகைப் பொடியும் இருந்தது. கொஞ்ச நாளில், இளம் பெண்கள் சிலர் சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனைக்கு வர ஆரம்பித்தார்கள். தோண்டிப் பார்த்தால், சீனப் பெயரில் ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு செடிகள் மாறிப்போயிருந்தன. ஸ்டெஃபானியா இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டலோக்கியா. பாதிக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. கதை அதோடு முடியவில்லை. சில ஆண்டுகள் கழித்து, பழுதான சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் இருந்தது தெரிந்தது.

அந்தச் செடியில் யாரும் எதையும் கலக்கவில்லை. விஷம் அதன் இலையிலும் வேரிலும் இயல்பாகவே இருப்பது. செடிக்கு நம்மைக் குணப்படுத்தும் அக்கறை ஏதும் கிடையாது, பாவம். தன்னைத் தின்ன வரும் பூச்சியிடமிருந்து தப்பிப்பதற்காக அது தயாரித்துவைக்கும் ரசாயனங்களில் சில நமக்கு மருந்தாகின்றன, சில சிறுநீரகத்தைத் தின்கின்றன.

டீடாக்ஸ் செய்தால் உடலில் சேர்ந்த நச்சு வெளியேறிவிடுமா?

எந்த நச்சு என்று திருப்பிக் கேளுங்கள். பெயர் வராது. ஈயம், பாதரசம், ஆல்கஹால் என்று பெயருள்ள நச்சு என்றால் ரத்தத்தில் அளந்து பார்க்கலாம். சிகிச்சைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்றும் சொல்லலாம். ‘கழிவுகள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எதையும் அளக்க வேண்டியதில்லை. அன்றாடம் சேரும் கழிவுகளைக் கல்லீரலும் சிறுநீரகமும் கவனித்துக்கொள்கின்றன. சிறுநீரகம் நின்றுபோனால் வேண்டியது டயாலிசிஸ், பழச்சாறு இல்லை.

ஆனால் தண்ணீர் நிறம் மாறியதைக் கண்ணால் பார்த்தேனே என்பார்கள். உப்புத் தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்தால், அரை மணி நேரத்தில் தண்ணீர் துருப்பிடித்த பழுப்பு நிறமாகும் கருவி ஒன்று உண்டு. மேலே நுரை, அடியில் கசடு. நச்சு இறங்குகிறது என்று விளக்கம். தெரிந்தவர் ஒருவர் வாங்கி வைத்திருந்தார். அவர் அனுமதியோடு, யாரும் கால் வைக்காமல் வெறும் உப்புத் தண்ணீரில் அதை ஓட்டிப் பார்த்தோம். அதே பழுப்பு, அதே நுரை. உள்ளே இரும்புத் தகடுகள் இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது அவை அரித்துத் துருவாகி நீரில் கலக்கின்றன. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “தண்ணியிலயும் நச்சு இருக்குமோ?” என்றார்.

காதில் செருகி எரிக்கும் மெழுகுவத்தியும் இதே ரகம். எரிந்து முடிந்ததும் உள்ளே தங்கியிருக்கும் மஞ்சள் பிசுக்கைக் காதழுக்கு என்று காட்டுவார்கள். காதே இல்லாமல் எரித்தாலும் அதே பிசுக்கு வரும், அது மெழுகு. வித்தியாசம், காதில் செருகினால் சூடுபட்டோ சவ்வு கிழிந்தோ போக வாய்ப்பு இருக்கிறது.

காபி எனிமா, அதாவது ஆசனவாய் வழியாகக் குடலுக்குள் காபியைச் செலுத்துவது, வேறு விஷயம். அதை வேடிக்கை என்று விட முடியாது. அடிக்கடி செய்துகொண்டு, உடலின் உப்புகள் நிலைகுலைந்து இறந்தவர்களைப் பற்றி 1980லேயே மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது.

எனக்குப் பலன் கிடைத்தது. இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

மொத்தப் பக்கத்திலும் முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். பலன் கிடைத்ததாக உணர்ந்தது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுகமாகத் தோன்றுவதும் நோய் குறைவதும் இரண்டு தனிக் கணக்குகள்.

2011இல் அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதே ஆட்களுக்கு வெவ்வேறு நாள்களில் நான்கு விதமான கவனிப்பு: நிஜமான இன்ஹேலர், மருந்தே இல்லாத போலி இன்ஹேலர், ஊசி குத்தாத போலி அக்குபங்சர், நான்காவதாக ஒன்றுமே செய்யாமல் காத்திருப்பு. எப்படி இருக்கிறது என்று கேட்டபோது நிஜ மருந்துக்கு 50 சதவீத முன்னேற்றம் சொன்னார்கள். போலி இன்ஹேலருக்கு 45, போலி அக்குபங்சருக்கு 46. சும்மா இருந்ததற்கு 21. வாயால் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அடுத்து ஊதச் சொல்லி அளந்தார்கள். நிஜ மருந்தில் நுரையீரலின் காற்றோட்டம் 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும், சும்மா இருந்தது உட்பட, 7 சதவீதம்தான். மூச்சு நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னவரின் மூச்சுக்குழாய் இன்னும் இறுகியே இருந்தது. ஆஸ்துமாவில் இது உயிர் சம்பந்தப்பட்ட வித்தியாசம்.

இன்னொன்றும் உண்டு. நாம் புது வைத்தியம் தேடிப் போவது எப்போது? வலி உச்சத்தில் இருக்கும்போது. முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, அரிப்பு போன்றவை ஏறி ஏறி இறங்குபவை. உச்சிக்குப் பிறகு எதைச் செய்தாலும் இறக்கம்தான். அந்த வாரம் எதைச் சாப்பிட்டோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும்.

சரி, பிளாசிபோ (மருந்தே இல்லாமல் நம்பிக்கையால் தெரியும் பலன்) என்றே வைத்துக்கொள்வோம். சுகமாக இருந்தால் போதாதா?

பல நேரம் போதும். குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரிடம் 2010இல் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினரிடம் இதில் மருந்து இல்லை என்று நேராகவே சொல்லி வெற்று மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்தது என்றார்கள். மாத்திரை பெறாதவர்களில் 35 சதவீதம். வலி, களைப்பு, குமட்டல் போன்ற தொல்லைகளில் அக்கறையாகப் பேசும் ஒருவர் அரை மணி நேரம் நம்மோடு உட்கார்ந்திருப்பதே பாதி மருந்து. மூன்று நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பும் மருத்துவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கட்டியும் சர்க்கரையும் கிருமியும் அந்தப் பேச்சுக்கு அசைவதில்லை.

ஹோமியோபதி?

கணக்கு இது. சாமுவேல் ஹானிமன் 1796இல் முன்வைத்த முறை. மருந்தை நூறு மடங்கு நீர்ப்பார்கள். அதை மறுபடி நூறு மடங்கு. இப்படி 30 தடவை செய்தால் 30சி. 12 தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆய்வுக் குழு ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலன் தரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. உருண்டையால் நேரடிக் கெடுதல் அநேகமாக இல்லை. தடுப்பூசிக்குப் பதிலாகவோ நிமோனியாவுக்கோ அதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் இருக்கிறது.

உடலின் ஆற்றல் புலத்தைக் கையால் உணர்ந்து சரிசெய்கிறார்களே?

இதைச் சோதித்தது ஒன்பது வயதுச் சிறுமி. எமிலி ரோசா தன் பள்ளி அறிவியல் போட்டிக்காக, அட்டை மறைப்பு ஒன்றைச் செய்து நடுவே வைத்தாள். ஆற்றல் சிகிச்சை செய்பவர் இரு கைகளையும் மறைப்புக்கு அந்தப் பக்கம் நீட்ட வேண்டும். எமிலி நாணயத்தைச் சுண்டிவிட்டு, விழுந்ததற்கு ஏற்ப அவரது இடக்கைக்கு மேலோ வலக்கைக்கு மேலோ தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேல் ஆற்றல் தெரிகிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. 21 பேர், மொத்தம் 280 தடவை. சரியாகச் சொன்னது 44 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலே 50 வரும். 1998இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் இது வெளியானது.

இந்தச் சோதனையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். செலவு ஒரு அட்டை. ஆனாலும் அதுவரை அந்தச் சிகிச்சையைச் செய்துவந்தவர்களுக்கு அதைச் செய்து பார்க்கத் தோன்றவில்லை.

யோகா, அக்குபங்சர், தியானம்?

நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன் உடற்பயிற்சி, யோகா, தாய் சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி, அக்குபங்சர் போன்றவற்றைப் பாருங்கள் என்று 2017இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பே வழிகாட்டியது. பலன் பெரிதில்லை, ஆனால் வலிமாத்திரையின் பலனும் பெரிதில்லை. கெடுதல் குறைவு என்பதுதான் கணக்கு. அக்குபங்சரில் நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையில் தெரியும் வித்தியாசம் சிறியது. கழுத்தைச் சடக்கென்று திருகிச் சொடுக்கும் முறையை மட்டும் நான் தவிர்ப்பேன். அபூர்வம்தான் என்றாலும், கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன.

பனிக்கட்டித் தண்ணீரில் இறங்குவது?

சிலிர்ப்பும் உற்சாகமும் நிஜம். தசைவலி கொஞ்சம் குறையும். ஆனால் எடை தூக்கிய கையோடு தினமும் போய் இறங்கினால் தூக்கியதே வீணாகலாம்: 2015இல் வந்த 12 வார ஆய்வில், பயிற்சி முடிந்ததும் 10 டிகிரி நீரில் பத்து நிமிடம் இருந்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைவாகவே இருந்தது. முதல் ஒரு நிமிடம்தான் ஆபத்தானது. உடல் தன்னையறியாமல் காற்றை உள்ளிழுக்கும், தலை நீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். இதய நோய் உள்ளவர்கள் வேண்டாம். மற்றவர்களும் தனியாக வேண்டாம்.

வைட்டமின் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொண்டால் தெம்பு வருகிறதே?

ஒரு லிட்டர் உப்பு நீர் ஏறினால் தாகத்தில் இருப்பவருக்குத் தெம்பு வரத்தான் செய்யும். குறைபாடு இல்லாதவருக்கு ஏற்றிய வைட்டமின் சியும் பியும் பெருமளவு சிறுநீரில் போய்விடும். வைட்டமின்தானே, கூடினால் என்ன என்பவர்களுக்குப் பின்லாந்து ஆய்வு: புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் ஒரு பிரிவினருக்குப் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது.

ஊசி என்று வந்துவிட்டால் சுத்தம் என்ற கேள்வியும் வரும். நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத அழகு நிலையம் ஒன்றில், சொந்த ரத்தத்தைக் கொண்டு முகத்தில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியதை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2024இல் விவரித்திருக்கிறது.

மூலிகை மாத்திரையையும் மருத்துவர் கொடுத்த மருந்தையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

கேட்காமல் வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை லேசான மனச்சோர்வுக்குப் பலன் தருகிறது, ஆய்வுகளில் தேறியிருக்கிறது. அதுவே கல்லீரலின் நொதியைத் தூண்டிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்து வெளியேற்றுகிறது. கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகும். மாற்று உறுப்பு பொருத்தியவருக்கு உடல் அதை நிராகரிக்காமல் காக்கும் மருந்து போதாமல் போகும். வேலை செய்யும் மூலிகை என்றால் இதையும் சேர்த்தே செய்யும்.

மருந்து என்று குடிக்கச் சொல்லும் கூழ்ம வெள்ளி (நீரில் கலந்த நுண்ணிய வெள்ளித் துகள்), குளோரின் டை ஆக்சைடு?

வேண்டாம். முதலாவது தோலை நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாக்கும். இரண்டாவது வெளுக்கும் ரசாயனம்.

புற்றுநோய்க்கு முதலில் இயற்கை முறையை முயன்றுவிட்டு அப்புறம் அறுவை சிகிச்சைக்குப் போகலாமா?

ஸ்டீவ் ஜாப்ஸ் அதைத்தான் செய்தார். 2003இல் அவருக்குக் கணையத்தில் கண்டது, அந்த உறுப்பில் வருபவற்றில் மெதுவாக வளரும் அபூர்வ வகை. உணவுமுறை, மூலிகை, அக்குபங்சர் என்று ஒன்பது மாதம் போனது. உடனே அறுவை செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தள்ளிப்போட்டதற்காக அவரே பின்னாளில் வருந்தினார்.

ஒருவர் கதையை விடுங்கள். பரவாத நிலையில் இருந்த மார்பக, நுரையீரல், குடல், புராஸ்டேட் புற்றுநோய்க்கு மாற்று முறையை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. அவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். புராஸ்டேட்டில் மட்டும் அந்த ஆண்டுகளுக்குள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது மெல்ல வளர்வது. ‘மூலிகையிலேயே சரியாகிவிட்டது’ என்ற கதைகள் சில எங்கிருந்து வருகின்றன என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

சிகிச்சையோடு கூடவே யோகா, மசாஜ், பிடித்த பாட்டு என்று எது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீமோவின் களைப்புக்கு அவை உதவும். நான் பயப்படுவது ‘பதிலாக’ என்ற சொல்லுக்குத்தான்.

மலிவான மருந்துகளை மருந்து நிறுவனங்கள் அமுக்கிவிடுகின்றன என்கிறார்களே?

நிறுவனங்கள் உத்தமர்கள் இல்லை, சாதகமில்லாத முடிவுகளை மறைத்து அபராதம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் ரத்தக் குழாய் அடைப்புக்குக் கீலேஷன் என்ற முறையைப் பாருங்கள். ஈய விஷத்தை இறக்கும் மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றி அடைப்பைக் கரைப்பதாகச் சொன்னார்கள். பல மருத்துவர்கள் கேலி செய்தும், அமெரிக்க அரசு பணம் போட்டு 1,708 பேரிடம் சோதித்தது. 2013இல் கொஞ்சம் பலன் தெரிந்தது, முக்கியமாகச் சர்க்கரை நோயாளிகளிடம். எதிர்பார்க்காத முடிவு. அமுக்கவில்லை, வெளியிட்டார்கள். சர்க்கரை உள்ள ஆயிரம் பேரிடம் மறுபடி சோதித்தபோது, 2024இல், பலன் காணாமல் போனது. கீலேஷன் நிலையங்கள் முதல் முடிவைப் பற்றி மட்டும் பேசுகின்றன.

விளம்பரத்தில் எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

ஒரே பொருள் மூட்டுவலி, சர்க்கரை, மலட்டுத்தன்மை, புற்றுநோய் எல்லாவற்றையும் தீர்க்கும் என்றால். விற்பவரே பரிசோதனையும் செய்து, உங்களிடம் குறை இருப்பதாகச் சொன்னால். எனக்கு இன்னும் நம்பகமான அறிகுறி ஒன்று உண்டு: நோய் கூடினால் ‘நச்சு வெளியேறுகிறது, நல்லதுதான்’ என்பார்கள், குறைந்தால் ‘மருந்து வேலை செய்கிறது’ என்பார்கள். எது நடந்தால் இது உங்களுக்குப் பலிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டு நிறுத்துவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் டாக்டர் திட்டுவாரே?

திட்டலாம். ஆனாலும் சொல்லுங்கள். முடி, நகம் வளர என்று பலர் சாப்பிடும் பயோட்டினையே எடுத்துக்கொள்வோம். அதிக அளவில் சாப்பிடும்போது சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிவிடும். தைராய்டு தப்பாகக் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் குறைவாகக் காட்டி, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பவும் வைக்கலாம். 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இப்படி ஒரு மரணத்தைக் குறிப்பிட்டே எச்சரித்தது. பெயர் ஞாபகம் இல்லையென்றால், போகும்போது எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வையுங்கள்.